பவானி மீனுக்குப் பெயர் கொடுத்த டாக்டர்

நீலகிரியில் ஆனி, ஆடி மாதங்களில் மழை வலுத்ததும் பவானியில் புதுவெள்ளம் செந்நிறமாக இறங்கும். அந்த வெள்ளம் வந்ததும் ஆற்று மீன்கள் கூட்டங்கூட்டமாக நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறத் தொடங்கும். மேட்டுப்பாளையம் முதல் பவானி கூடுதுறை வரையுள்ள கரையோர விவசாயிகளுக்கு இது பழகிய காட்சி. மீன்கள் இப்படி ஏறுவது முட்டையிடுவதற்காக. நமது பகுதியில் வலையும் கூடையுமாக ஆட்கள் ஆற்றில் இறங்குவதும் இதே நாட்களில்தான். முட்டை மீனையும் குஞ்சு மீனையும் இவ்வாறு அழித்துக்கொண்டே போனால் ஆறு வெறும் தண்ணீராகிவிடும் என்று சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் டாக்டர் பிரான்சிஸ் டே.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 10ஆம் தேதி தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1957ஆம் ஆண்டு அதே தேதியில் ஒரிசா மாநிலத்தில் விஞ்ஞானிகள் ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் கெண்டை மீன்களுக்குச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார்கள். இன்று நமது குட்டைகளுக்கு வரும் கட்லா, ரோகு குஞ்சுகளெல்லாம் அந்தக் கண்டுபிடிப்பின் வழி வந்தவையே. டாக்டர் டே இறந்ததும் ஒரு ஜூலை 10ஆம் தேதிதான். ஆண்டு 1889. புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே தேதியில் அமைந்தது தற்செயல். என்றாலும் ஒன்றை நினைக்கும்போது மற்றதையும் நினைப்பது பொருத்தமே.

டே 1829இல் இங்கிலாந்தில் பிறந்தவர். மருத்துவம் படித்து 1852இல் சென்னைப் படையில் உதவி சர்ஜனாகச் சேர்ந்தார். பட்டாளத்து வைத்தியருக்கு வேலை காய்ச்சலும் காயமும்தான். டே அவர்களுக்கோ மனம் முழுவதும் மீன் மேல். கொச்சியில் இருந்தபோது கடலிலும் காயலிலும் கிடைத்த மீன்களைச் சேகரித்து 1865இல் மலபார் மீன்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் அவர் கவனம் நீலகிரியின் பக்கம் திரும்பியது. மலை ஓடைகளிலும், மலையடிவாரத்து ஆறுகளிலும் உள்ள மீன்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1867இல் லண்டனில் அச்சாயிற்று. மலையடிவாரப் பவானியில் கிடைத்த ஒரு பெரிய கெண்டை இனத்தை முதன்முதலில் விஞ்ஞான உலகுக்கு அறிவித்தது அந்தக் கட்டுரைதான். ‘டூபியஸ்’ என்ற பெயரை அதற்கு அவர் வைத்தார். லத்தீன் மொழியில் ஐயத்துக்குரியது என்று பொருள். மலை ஓடைகளில் ஓடும் விரல்நீள மீன் ஒன்றுக்கு நீலகிரியின் பெயரையே சூட்டினார். இவ்விரண்டும் வேறு எந்த நாட்டிலும் கிடையாது. இன்று இரண்டும் அருகி வருகின்றன.

உதகையில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட 1863இல் முதல் முயற்சி செய்தவரும் டே தான். அது பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவர் காலத்தில்தான் அவலாஞ்சிப் பகுதியில் அந்த மீன் நிலைத்தது.

இனி அவருடைய தோழரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹென்றி சல்லிவன் தாமஸ் சென்னை மாகாண சிவில் உத்தியோகத்தில் இருந்தவர். தென் கன்னட ஜில்லாவின் கலெக்டர். தூண்டில் என்றால் அவருக்கு உயிர். 1873இல் மங்களூரில் அவர் அச்சிட்ட தூண்டில் நூல் ஆங்கிலேயர்களிடையே பெரும் புகழ் பெற்றது. வெறும் பொழுதுபோக்குக்காரர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே, 1870இல், தமது ஜில்லாவில் மீன் வளத்தைப் பெருக்குவது எப்படி என்று அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதியவர் அவர்.

டே மீனை மேசையில் வைத்துச் செதில்களை எண்ணி, துடுப்பின் முள்ளை எண்ணி இனம் பிரிப்பவர். தாமஸ் மீன் எந்த மடுவில் நிற்கும், எப்போது இரை எடுக்கும், எந்த வெள்ளத்தில் ஏறும் என்று ஆற்றங்கரையில் நின்று பார்ப்பவர். ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்குத் தெரியும். டே தமது பெருநூலில் மாசீர் மீனின் பழக்கவழக்கங்களைச் சொல்ல வந்த இடத்தில் தாமஸின் எழுத்தை எடுத்தாண்டார். தென் கன்னடத்து ஆற்று மீன் ஒன்றுக்கு 1874இல் தம் தோழரின் பெயரையே வைத்தார். ‘தாமஸி’ என்ற அந்த மீன் இன்றும் அதே பெயரில்தான் வழங்குகிறது. நாம் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது போலத்தான் இதுவும். ஆனால் இந்தப் பெயர் எந்த மொழி பேசும் விஞ்ஞானிக்கும் விளங்கும். அந்த மீனோ இன்று மிகச் சில இடங்களில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

வலைக்கண்ணின் அளவு

1871இல் டே இந்திய அரசாங்கத்தின் மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரலாக நியமிக்கப்பட்டார். 1873இல் இந்தியாவிலும் பர்மாவிலும் உள்ள நன்னீர் மீன்களைப் பற்றிய அவருடைய அறிக்கை வெளிவந்தது. விவசாயிகள் கவனிக்க வேண்டியது இந்த அறிக்கையைத்தான்.

அவர் உள்ளூர் அதிகாரிகளுக்கெல்லாம் கேள்விகளை அனுப்பினார். உங்கள் பகுதியில் மீன் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? வலைக்கண் எவ்வளவு சிறியது? குஞ்சு மீனைப் பிடிக்கிறார்களா? தண்ணீரில் நஞ்சு கலக்கும் வழக்கம் உண்டா? வந்த பதில்களில் வலைக்கண்ணின் அளவைத் தானிய மணியோடு ஒப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு சிறிய கண்ணுள்ள வலையில் தப்பும் குஞ்சு ஏது? கசிவு நீர் ஓடும் மடைகளில் கூடைப்பொறி வைத்து நெல் வயலில் ஏறிய குஞ்சுகளை வாரி எடுப்பதையும், அணைக்கட்டுகள் மீன் ஏறும் பாதையை மறிப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். வலைக்கண்ணுக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும், நஞ்சு கலப்பதைத் தடுக்க வேண்டும், அணைகளில் மீன் ஏற வழி விட வேண்டும் என்பவை அவர் கோரிக்கைகள்.

அணையைப் பற்றிய கவலை வீண்போகவில்லை. கடலிலிருந்து கொள்ளிடம் வழியாகக் காவிரியில் ஏறி வந்த உல்லம் மீன் 1934இல் மேட்டூர் அணை கட்டிய பிறகு அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. அதற்காக மேட்டூர் அணையே வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. அணை கட்டும்போது மீனை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை என்பதுதான் குறை.

அறிக்கை வந்த கையோடு சட்டம் வந்துவிடவில்லை. உழைப்பாளி ஏழைகளின் பிழைப்பில் கை வைப்பதா என்று தயக்கம் காட்டியவர்களும் இருந்தார்கள். அந்தத் தயக்கத்திலும் நியாயம் உண்டு. கடைசியில் 1897இல்தான் இந்திய மீன்வளச் சட்டம் நிறைவேறியது. வெடி வைத்தும், நஞ்சோ சுண்ணாம்போ கலந்தும் மீனைக் கொல்வது குற்றம்; இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம் என்று அது விதித்தது. அந்தக் காலத்து 200 ரூபாய் சாமானியத் தொகை அல்ல.

அந்தச் சட்டத்தைப் பார்க்க டே இல்லை. 1877இல் இந்தியாவை விட்டுச் சென்று இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் குடியிருந்தார். அங்கும் சும்மா இருக்கவில்லை. ஏறக்குறைய 200 படப் பலகைகள் கொண்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலை 1878இல் முடித்தார். லண்டன் அருங்காட்சியகத்தின் மீன் பிரிவுத் தலைவரோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. அதன் விளைவாக, பாடுபட்டுச் சேர்த்த மீன்களில் ஒரு பெரும் பகுதியை 1883இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார். நமது ஆற்று மீன்களை ஆராய விரும்புகிறவர் இன்றைக்கும் சிட்னிக்கு எழுதிக் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அவருடைய கடைசி நூல் 1,400-க்கும் மேற்பட்ட மீன் இனங்களை விவரிக்கும் இரண்டு தொகுதிகள். அவை 1889இல், அவர் இறந்த அதே ஆண்டில் வெளிவந்தன. அப்போது புற்றுநோய்க்கு வைத்தியம் என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. எக்ஸ்ரே கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895இல், ரேடியம் 1898இல். தாமே ஒரு டாக்டராக இருந்தவருக்குத் தம் நோய் எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரியாமல் இருந்திருக்காது. வயது 60. தோழர் தாமஸ் பின்னும் வாழ்ந்து, 1897இல் தூண்டில் நூலின் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தார். டே கேட்ட சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. இன்று நிலைமை டே காலத்தைப் போன்றதல்ல. ஆனால் நமது கிராமங்களில் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு ஏர் ஓட்டுகிறவர்களும், வலை வீசுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, விழுங்கச் சிரமம், காரணமின்றி உடல் இளைத்தல், மலத்தில் ரத்தம், மார்பில் கட்டி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மூன்று வாரம் நீடித்தால் அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. தொடக்கத்தில் கண்டுபிடித்தால் வாய்ப் புற்றை முழுமையாகக் குணப்படுத்த முடியும்.

பத்து மில்லி மருந்து

மீன்வளத் துறையில் பணியாற்றிப் புற்றுநோயால் மறைந்த இன்னொருவரையும் விவசாயிகள் அறிவார்கள். அமெரிக்காவின் ரேச்சல் கார்சன். பூச்சிக்கொல்லிகள் ஆற்றையும் மீனையும் பறவையையும் என்ன செய்கின்றன என்று 1962இல் நூல் எழுதியவர் அவர். 1964இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். டே காலத்தில் ஆற்றில் கலந்தவை காக்கைக்கொல்லி விதையும் மருக்காரங்காயும். கார்சன் காலத்துக்குப் பின் கலப்பவை வேறு.

பருத்திக்கும் கத்தரிக்கும் நாம் தெளிக்கும் சைப்பர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை மனிதனுக்கும் கால்நடைக்கும் ஓரளவு பாதுகாப்பானவை என்று பெயர் பெற்றவை. மீன் விஷயத்தில் அப்படியல்ல. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு கலந்தாலே மீன்குஞ்சு பிழைப்பது அரிது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து சதவீத சைப்பர்மெத்ரின் 10 மில்லியில் இருக்கும் நஞ்சு 1 கிராம். இது 2 லட்சம் லிட்டர் தண்ணீரைக் குஞ்சுகளுக்கு ஆகாததாக்கிவிடும். ஒரு பண்ணைக்குட்டைத் தண்ணீர் அது. தெளிப்பானை வாய்க்காலில் அமுக்கி அலசும்போதும், காலி டப்பாவை மதகின் அருகே வீசும்போதும் போவது இந்த அளவு மருந்துதான். தெளிப்பானை வயல் வரப்பின் உள்ளேயே அலசி, அந்த நீரை வயலிலேயே ஊற்ற வேண்டும். நெல்லுக்கு மருந்து அடித்த பின் ஒரு வாரமாவது வடிகாலை அடைத்து வைக்க வேண்டும். காற்று வாய்க்காலை நோக்கி வீசும்போது தெளிக்கக் கூடாது. எண்டோசல்பான் மீனுக்கு மிகக் கொடியது. 2011இல் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை விதித்தது. பழைய டப்பா எங்காவது கிடந்தால் தொடவேண்டாம்.

நொய்யலின் கதை இதைவிட மோசம். பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, மீனும் போயிற்று, பயிரும் போயிற்று. அங்கே விவசாயியின் கையில் ஒன்றும் இல்லை. நீதிமன்றம்தான் தலையிட வேண்டியிருந்தது. பவானியின் கீழே கொடிவேரி, தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காளிங்கராயன், கீழ்பவானி வாய்க்கால்களில் அப்படியல்ல. கீழ்பவானி மட்டும் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. அத்தனை மடையும் விவசாயியின் கையில்தான் இருக்கிறது.

வாய்க்கால் அடைத்ததும் பள்ளங்களில் தேங்கும் தண்ணீரில் கெளுத்தியும் அயிரையும் விராலும் ஒதுங்கி நிற்கும். அந்தக் குட்டத்தை இறைத்துக் காயவிட்டு அடிவரை வாரினால் அடுத்த தண்ணீருக்கு விதை இல்லை. ஆழமான ஒரு குட்டத்தையாவது ஊர் சேர்ந்து விட்டுவைப்பது நல்லது. விரால் மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செந்நிறக் குஞ்சுகள் பந்து போலத் திரண்டு மேலே வந்து போகும்; கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அப்போது அவற்றைப் பிடித்தால் கிடைப்பது இரண்டு மீன்; போவது ஒரு கூட்டம். கிணறு வெட்ட வாங்கிய தோட்டாவில் ஒன்றை ஆற்று மடுவில் போடும் விளையாட்டும் சில ஊர்களில் உண்டு. செத்த மீனில் பாதிக்கு மேல் அடியில் தங்கிவிடும். மேலே மிதப்பது கொஞ்சமே. போட்டவன் கை போன கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு.

மீன் வளர்க்க விரும்புவோர் குட்டையில் வளர்க்கட்டும். 10 சென்ட் குட்டையில் வருடத்தில் எட்டு மாதமாவது நான்கைந்து அடித் தண்ணீர் நின்றால் விரல் நீளக் குஞ்சுகள் 400 விடலாம். அதில் கட்லா 160, ரோகு 120, மிர்கால் 120 என்று பிரித்துக்கொள்ளலாம். சாணம் அளவோடு, தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் ஊறவைத்துத் தினமும் ஒரே இடத்தில். வெளிப்போக்கி மதகில் வலை கட்ட மறக்கக் கூடாது. வளர்ப்பு மீன் ஆற்றுக்குப் போகக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கிணற்றில் வளர்ப்பதை அரசாங்கம் தடை செய்திருக்கிறது. அது வெள்ளத்தில் தப்பி ஆற்றில் சேர்ந்தால் உள்ளூர் மீனில் அகப்பட்டதை எல்லாம் விழுங்கும்.

முதுகு உயர்ந்த மாசீர்

நல்லெண்ணத்தோடு விட்ட மீனும் கேடு செய்ததுண்டு. காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டுமே வாழ்வது முதுகு உயர்ந்த மாசீர். பழைய நூல்கள் மாசீரைப் பூமீன் கெண்டை என்று குறித்தன. 1946இல் கபினியில் பிடிபட்ட ஒன்று 120 ராத்தல், அதாவது 54 கிலோ. இந்த மீனைத் தூண்டில்காரர்கள் அறியச் செய்தது 1873இல் தாமஸ் எழுதிய நூல். டே இந்த இடத்தில் சறுக்கினார். மாசீர் வகைகள் பலவற்றையும் ஒரே இனமாகச் சேர்த்துவிட்டார். ஜாடியில் கிடந்த சிறு மீனை அளந்தவரின் கணக்கைவிட ஆற்றில் பெரிய மீனைப் பார்த்தவரின் கண் இங்கே கூர்மையாக இருந்தது.

இடையில் காவிரியில் மாசீர் குறைகிறதே என்று மகாராஷ்டிரத்துப் பொரிப்பகத்திலிருந்து வேறு மாசீர்க் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வந்த மீன் பெருகியது. ஊர் மீன் ஒதுங்கியது. முதுகு உயர்ந்த மாசீருக்குச் சரியான விஞ்ஞானப் பெயர் எது என்பதே 2018இல்தான் முடிவாயிற்று. கேரளத்திலிருந்து அமராவதி அணைக்கு இறங்கும் பாம்பாற்றில் முன்பே கண்டறிந்து ‘ரேமாதேவி’ என்று பெயரிட்டிருந்த மீனும் இதுவும் ஒன்றே என்று மோயாற்று மீன்களைச் சோதித்தவர்கள் நிறுவினார்கள். அதே ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது.

ஆக, இந்த மீனுக்கு இப்போதுள்ள புகலிடங்களில் முக்கியமானது மோயாறு. முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் ஊடே ஓடி அது பவானிசாகரில் கலக்கிறது. காப்பகத்துக்குள் மீன்பிடிக்க அனுமதி இல்லை. வெள்ள காலத்தில் அணைப்பகுதியிலும், அமராவதியின் மேற்பகுதியிலும் முதுகு கூனி, துடுப்பு ஆரஞ்சு நிறமாக உள்ள மாசீர் வலையில் தட்டுப்பட்டால் கண்ணியை அறுத்தாவது உயிரோடு விட்டுவிட்டு, பார்த்த இடத்தையும் தேதியையும் பவானிசாகர் அல்லது அமராவதி நகர் மீன்வளத்துறை அலுவலர்களுக்குத் தெரிவிக்கலாம்.